மார்சலி ஏன் பூட்ஸோடு படுக்கிறாள்

கிளாகர், லூயிஸ் தீவு
12 பிப்ரவரி 1962

ஓய்ரிக்,

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. பசுகூட நன்றாகத்தான் இருக்கிறது. நீ பாரா தீவுக்குப் போய் ரோமச் சபைக்காரனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஏழு வருஷமாக நான் உனக்கு எழுதவில்லை. அது சரியா தப்பா என்று பேச இந்தக் கடிதம் இல்லை.

விஷயம் மார்சலியைப் பற்றியது. நீ போகும்போது தட்டுத் தடுமாறி நடந்துகொண்டிருந்தவளுக்கு இப்போது எட்டு வயது. ஜனவரிப் புயலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஞாயிறு மாலை பிடித்த காற்று எங்கள் மாட்டுக்கொட்டகைக் கூரையைக் கொண்டுபோயிற்று. பக்கத்து வீட்டு மூப்பர் முர்டோவின் படகு பாறையில் மோதித் தூள்தூளாகிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் பிள்ளை பிள்ளையாக இல்லை. காற்று கொஞ்சம் எழும்பினாலும் முகம் வெளுத்துவிடுகிறது. இந்தத் தீவில் காற்று எழும்பாத நாள் ஏது? பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள். புயலுக்கு அடுத்த ஞாயிறு வந்ததோடு சரி, ஆலயத்துக்கும் வருவதில்லை. பூட்ஸைப் போட்டுக்கொண்டு படுக்கிறாள். பெகி கழற்றி வைத்தால் அம்மா தூங்கியதும் எழுந்து மறுபடி போட்டுக்கொள்கிறாள். ஏன் என்று கேட்டால் வாய் திறப்பதில்லை.

நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. மலைகள் கடலில் சாய்ந்தாலும் நமக்குப் பயமில்லை என்கிற சங்கீதத்தை முழுக்கக் கற்றுக்கொடுத்தேன். ஒரு வார்த்தை தப்பாமல் ஒப்பிக்கிறாள். ஒப்பிக்கும்போதே பல் தந்தியடிக்கிறது. விசுவாசமுள்ள பிள்ளை பயப்படாது என்று சொன்னேன். அதன் பிறகு என் எதிரில் நடுங்காமல் இருக்கப் பார்க்கிறாள். அந்தக் கண்றாவியைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

பள்ளி டாக்டர் வந்து பார்த்தார். ஏப்ரல் விடுமுறைக்குள் தேறாவிட்டால் கடல் தாண்டி, நரம்புக் கோளாறுள்ள பிள்ளைகளுக்கான விடுதிக்கு அனுப்ப வேண்டுமாம். நம் பாஷை ஒரு வார்த்தை தெரியாத ஜனங்கள் நடுவில் இவளை விட்டுவிட்டு வர வேண்டும். போனால் திரும்பி வருகிறவள் என் மகளாக இருக்க மாட்டாள்.

உனக்கு எழுதக் காரணம் இதுதான். சின்ன வயதில் இடி இடித்தால் மாவுப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தவள் நீ. பிறகு எப்படியோ தேறிவிட்டாய். அப்பா உனக்கு என்ன செய்தார்? எனக்கு அப்போது அதிலெல்லாம் கவனமில்லை. தெரிந்தால் எழுது.

செபமாலை, தீர்த்தம் என்று எதையும் அனுப்ப வேண்டாம்.

தோர்மோத்

*

பாரா தீவு
20 பிப்ரவரி 1962

அன்புள்ள அண்ணா,

உறையைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ரூரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "யாரு போயிட்டாங்க?" என்றார். பிரித்துப் படித்துவிட்டு, "யாரும் போகல. பசு சௌக்கியமாம்" என்றேன். ஏழு வருஷம் கழித்து அண்ணன் எழுதும் முதல் செய்தி பசுவைப் பற்றியது. நீ மாறவே இல்லை. அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது.

தீர்த்தம் அனுப்பவில்லை, பயப்படாதே. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. மாவுப் பெட்டிக்குப் பக்கத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து வலையைச் சரிபார்ப்பார். வெகுநேரம் கழித்து வலையிடம் கேட்பது மாதிரி, "இடி வந்து என்ன பண்ணும்னு நெனக்கிற?" என்பார். முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் நான் வினாவிடைப் பாடத்திலிருந்து பதில் சொல்லியிருப்பேன். நம் வீட்டில் யாராவது நேருக்கு நேர் கேள்வி கேட்டால் மனப்பாடம்தானே வாயில் வரும்? முதுகைப் பார்த்ததால் நிஜம் வந்தது. "அம்மாவ எடுத்துட்டுப் போயிடும்" என்றேன். "இத ஆண்டவர்கிட்ட சொன்னியா?" என்றார். பயந்தால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்டேன். அப்பா சிரித்துவிட்டார். "சங்கீதத்துல பாதி அலறல்தானடி. நான் வாரா வாரம் ராகம் போட்டு அலறிட்டு வர்றேன், நீ கவனிக்கலையா?" என்றார். அவ்வளவுதான் வைத்தியம்.

நீ பிள்ளைக்குத் தைரியப் பாட்டை முதலில் கொடுத்துவிட்டாய். கழுத்துவரை தண்ணீர் வந்துவிட்டது, காப்பாற்றும் என்று கதறுகிற பாட்டும் அதே புத்தகத்தில்தானே இருக்கிறது? அதைக் கொடு. அது அவள் அளவுக்குத் தைத்த சட்டை.

இன்னொன்று. விசுவாசமுள்ள பிள்ளை பயப்படாது என்றாயே, படகில் சீடர்கள் பயந்துபோய் ஆண்டவரை எழுப்பினார்கள். அவர் எழுந்து முதலில் காற்றைத்தான் அதட்டினார். அப்புறம்தான் இவர்களுக்கு விழுந்தது. நீ முதலிலேயே பிள்ளையை அதட்டிவிட்டாய்.

பால் கறக்கும்போது அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப் போ. அவளைப் பார்க்காதே, பசுவைப் பார். காற்று வந்து என்ன செய்யும் என்று கேள். ஏன் பூட்ஸ் என்றும் கேள். உடனே எனக்கு எழுது. விடுதி என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஓய்ரிக்

*

கிளாகர்
3 மார்ச் 1962

ஓய்ரிக்,

முதலில் ஒரு திருத்தம். மத்தேயு எழுதியபடி கர்த்தர் சீடர்களைத்தான் முதலில் கடிந்துகொண்டார், பிறகே காற்றை. நீ மாற்குவை மட்டும் படித்துவிட்டுப் பேசுகிறாய்.

நீ சொன்னபடி செய்தேன். முதல் நாள் அவள் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் பசுவின் வயிற்றில் நெற்றியை முட்டிக்கொண்டு, காற்று வந்து என்ன செய்யும் என்று மறுபடி கேட்டேன். பின்னாலிருந்து சின்னக் குரல் வந்தது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவோ குறைக்கவோ எனக்குத் தெம்பில்லை.

"அப்பா, புயல் என்னாலதான் வந்துச்சு."

"யாரு சொன்னா?"

"அம்மா சனிக்கிழமை துணி எடுத்து வைக்கச் சொன்னாங்க. என் காலுறைய மறந்துட்டேன். ஓய்வுநாள் முழுக்கக் கொடியில ஆடிக்கிட்டு இருந்துச்சு. ஆலயத்துக்குப் போகும்போது முர்டோ தாத்தா பாத்துட்டு, 'கர்த்தரோட நாள்ல இந்த வீட்ல கொடி பறக்குதே'ன்னாரு. சாயங்காலமே புயல் வந்துடுச்சு. அவரு படகுதான் மொதல்ல போச்சு."

நான் கறப்பதை நிறுத்திவிட்டேன். பூட்ஸ் எதற்கு என்று கேட்டேன்.

"யோனா கப்பல்ல இருந்ததாலதானே புயல் வந்துச்சு? அவனத் தூக்கி வெளிய போட்டதும் நின்னுடுச்சு. வீட்டுக் கூரை போயிட்டா அம்மாவும் நீங்களும் என்ன பண்ணுவீங்க? கூரை ஆட ஆரம்பிச்சா நான் எந்திரிச்சு வெளிய போயிடுவேன். பூட்ஸ் தேடிக்கிட்டு இருந்தா நேரமாயிடும்ல?"

ஓய்ரிக், நான் இவளைக் கோழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டு வயதுப் பிள்ளை எங்களுக்காகப் புயலுக்குள் இறங்கத் தயாராகப் படுத்திருக்கிறது, நான் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

காலுறைக்காகக் கர்த்தர் புயல் அனுப்ப மாட்டார் என்றேன். "போதகர் அப்படித்தானே சொன்னாரு? நீங்களும் சாப்பிடும்போது ஆமான்னீங்களே" என்றாள். உண்மைதான். புயலுக்கு அடுத்த வாரமே போதகர் மக்காஸ்கில் பிரசங்க பீடத்தில் நின்று, ஓய்வுநாளை மீறினதற்கு வந்த தண்டனை இது என்றார். சபை பின்பாட்டாகப் பாட முதலில் வரி எடுத்துக் கொடுக்கிற பாடகனாக நான் பீடத்துக்குக் கீழேயே உட்கார்ந்து தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து சூப்பைக் குடித்துக்கொண்டே, சரியாகச் சொன்னார் என்றேன். பிள்ளை கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

இப்போது நான் என்ன சொல்ல? ஓய்வுநாள் ஒரு பொருட்டல்ல என்று அவளிடம் சொல்ல முடியாது, அது எனக்குப் பொய். கட்டளையையும் விட முடியவில்லை, மகளையும் விட முடியவில்லை. பெகி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நீ சிரிப்பாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

தோர்மோத்

*

பாரா தீவு
9 மார்ச் 1962

அண்ணா,

சிரிக்கவில்லை. ரூரிக்குப் படித்துக் காட்டினேன். பூட்ஸ் வந்த இடத்தில் அவர் எழுந்து வெளியே போய், கயிறு சுற்றுவது மாதிரி பாவனை செய்துகொண்டு நின்றார்.

கட்டளையை யார் விடச் சொன்னார்கள்? சனிக்கிழமையே துணியை எடுத்து வைத்துவிடுங்கள், நல்லதுதான். ஆனால் இதையும் அவளிடம் சொல். அதே புயல் இங்கேயும் அடித்தது. இங்கே பூசை முடிந்ததும் பையன்கள் பந்து விளையாடினார்கள். என் கொடியில் ஒரு வீட்டுத் துணி முழுக்கக் காய்ந்தது. எங்களுக்குப் போனது ஒரு கோழிக்கூடு. ஓய்வுநாளை அணுவளவும் மீறாத உங்கள் போதகர் வீட்டுப் புகைபோக்கி விழுந்ததாகக் கேள்விப்பட்டேன். காலுறைக்கு வந்த புயல் என்றால் ஆண்டவருக்குக் குறி பார்க்கவே தெரியவில்லை என்று ஆகிறது. அதை நீயும் ஒத்துக்கொள்ள மாட்டாய், நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

யோனா கதையை அவள் பாதிதான் கேட்டிருக்கிறாள். கடலில் அவனை விழுங்கிய மீன் எதற்கு வந்தது? அவனைத் தின்னவா? முழுகிப்போகாமல் கரை சேர்க்க. தண்ணீரில் விழுந்தவனையும் விடாதவர் அவர்.

இன்னும் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இதை நீ பிரசங்கம் மாதிரி சொல்லாமல், மகளிடம் சொல்வது மாதிரி சொல். எல்லாருக்காகவும் வெளியே இறங்க வேண்டிய ஒருவர் ஏற்கெனவே இறங்கிவிட்டார். சிலுவை என்றால் வேறு என்ன? அவரே தன்னை யோனாவோடு சேர்த்துப் பேசியிருக்கிறார், மூன்று நாள் பூமிக்குள் இருப்பேன் என்று. அந்த இடம் நிரம்பிவிட்டது. மார்சலிக்கு அங்கே வேலை இல்லை. இதில் ரோமச் சபை ஒன்றும் கலக்கவில்லை, கவலைப்படாதே. உன் சபையும் என் சபையும் சண்டை போடாத இடம் இது ஒன்றுதான், அதிலேயே பிள்ளையை நிறுத்தலாம்.

கடைசியாக, அடுத்த முறை காற்று எழும்பும்போது அவளை உட்காரச் சொல்லாதே. அவள் எழுந்து போனால் நீயும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கூடவே போ. சொல்லி அடங்குகிற பயம் இல்லை இது. தனியாக இல்லை என்று உடம்புக்குத் தெரிய வேண்டும்.

மத்தேயு விஷயம் சரிதான், பார்த்தேன். நீ மத்தேயு, நான் மாற்கு. இரண்டு பேரும் வேதத்துக்குள்தான் இருக்கிறோம்.

ஓய்ரிக்

*

கிளாகர்
20 மார்ச் 1962

அன்புள்ள தங்கச்சி,

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானமே தெற்கிலிருந்து காற்று பிடித்துவிட்டது, மாலையில் கூரையை இழுத்துக் கட்டிய கயிறுகள் ஊளையிட ஆரம்பித்தன. மார்சலி எழுந்தாள். பெகி என் முகத்தைப் பார்த்தாள். நான் பூட்ஸை இழுத்து மாட்டினேன்.

"நீங்க எங்க வர்றீங்க?" என்றாள் பிள்ளை.

"நீ எங்க போறியோ அங்க."

"நான் மட்டுந்தான் போகணும் அப்பா. நீங்க வந்தா கணக்கு தப்பிடும்."

"தப்பட்டும். கணக்கு ஏற்கெனவே தீந்தாச்சு. போக வேண்டியவரு போயிட்டாரு" என்றேன். நீ எழுதியதைத் தயார் பண்ணி வைத்திருந்தேன், வாயில் வந்தது அவ்வளவுதான்.

அடுப்புக்காகச் சுவர் உயரத்துக்கு அடுக்கிய கரிக்கட்டிக் குவியலின் மறைவில் போய் நின்றோம். அவள் மறைவைவிட்டு ஓரடி வெளியே நகர்ந்தாள். காற்று பாவாடையைப் பிடுங்கிற்று. நான் கையை நீட்டினேன், பிடித்துக்கொண்டாள். உள்ளே இழுத்துவிடலாமா என்றிருந்தது, இழுக்கவில்லை. திடீரென்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள். "காலுறைய மறந்தது நான்தான்! நான் இங்கதான் இருக்கேன்! ரொம்பப் பயமா இருக்கு!" அவ்வளவு சத்தம் அந்தச் சின்ன உடம்பில் இருந்ததை நான் அறிந்ததே இல்லை.

அப்போது, கழுத்துவரை தண்ணீர் வந்த அந்தச் சங்கீதத்துக்கு வரி எடுத்துக் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். இருபது வருஷமாக எந்தக் காற்றிலும் ஆலயம் முழுக்கக் கேட்கும் குரல் இது. ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை. அழுதுவிட்டேன், ஓய்ரிக். மகள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவள் எடுத்தாள். முதல் வரியை அவள் தனியாகப் பாடி நிறுத்தினாள், சபை போல நான் இழுத்துப் பதில் பாடினேன். அடுத்த வரியையும் அவளே எடுத்தாள். பெகி சால்வையோடு ஓடி வந்து சேர்ந்துகொண்டாள். பெண்பிள்ளை வரி எடுத்துக் கொடுத்தது மூப்பர்களுக்குத் தெரிந்தால் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

தெரிந்துதான் போயிற்று. முர்டோ வேலியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "என்னடா தோர்மோத், வீட்ல எடமில்லாமப் போச்சா? வெளிய ஆராதன நடத்துற!" என்றார்.

மார்சலி நேராக அவரிடம் போனாள். "முர்டோ தாத்தா, உங்க படகு என் காலுறையாலயா உடைஞ்சுது?"

கிழவருக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் தொங்கிவிட்டது. "அய்யய்யோ, கண்ணு! நான் வெளாட்டுக்குச் சொன்னதும்மா அது. சனிக்கிழமை இருட்டறதுக்குள்ள முடிக்கணும்னு அவசர அவசரமா படகுக் கயித்துல ஒரே ஒரு முடிச்சுப் போட்டேன். மூணு போடணும். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு, புயல் மேல போட்டுட்டேன். உன் காலுறை பாவம், அது என்ன பண்ணும்?"

மார்சலி சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு முதல் சிரிப்பு அதுதான். முர்டோவும் எங்களோடு நின்று மீதிப் பாட்டைப் பாடி முடித்தார், சுருதி வழக்கம்போல் ஒரு பக்கமாகப் போயிற்று.

காற்று நிற்கவில்லை. நிற்காததே நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிறேன். அவள் வெளியே நின்றாள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், யாரும் அவளைக் கொண்டுபோகவில்லை. காற்று வெறும் காற்றாக அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வந்து தானே பூட்ஸைக் கழற்றி அடுப்போரம் வைத்துவிட்டு, அந்த இரைச்சலிலேயே தூங்கிவிட்டாள்.

தோர்மோத்

*

பாரா தீவு
28 மார்ச் 1962

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் அடுப்பில் இருந்தது தீய்ந்துவிட்டது. ரூரி, "உங்க அண்ணன் இன்னும் ரெண்டு கடுதாசி எழுதினா நாம பட்டினிதான்" என்கிறார். நீ அழுதாய் என்று எழுதியிருக்கிறாயே, அம்மாவைப் புதைத்த அன்றுகூட நீ அழுது நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு ராத்திரி தூங்கிவிட்டாள் என்பதற்காகக் கொண்டாடிவிடாதே. பயம் திரும்பி வரும். எனக்கும் வந்தது. வந்தால் தோற்றுவிட்டோம் என்று அவள் நினைக்கக் கூடாது. வந்தால் வரட்டும், அதையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகச் சொல்.

டாக்டர் எப்போது வருகிறார்? விடுதி என்னவாயிற்று? நான் இங்கே தினமும் வேண்டிக்கொள்கிறேன். யார் மூலமாக என்று கேட்காதே.

ஓய்ரிக்

*

கிளாகர்
14 ஏப்ரல் 1962

அன்புள்ள தங்கச்சிக்கும் ரூரிக்கும்,

இரண்டு செய்திகள். சிறியதை முதலில் எழுதுகிறேன்.

டாக்டர் செவ்வாய்க்கிழமை வந்தார். கார் கதவைத் திறக்கவிடாமல் காற்று தள்ளிற்று. தொப்பி பறந்து பள்ளத்தில் விழ, பெகி ஓடிப் போய் எடுத்து வந்தாள். "பொண்ண வரச் சொல்லுங்க" என்றார். "பள்ளிக்கூடத்துல இருக்கா" என்றாள் பெகி. "இந்தக் காத்துலயா?" என்றார். "ஆமாங்க. காலைல வாந்தி எடுத்தா. வாயக் கழுவிட்டுக் கெளம்பிட்டா." டாக்டர் நம்பாமல் பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பார்த்திருக்கிறார். பாதி வகுப்பு வரவில்லை, நம் பிள்ளை முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பி வந்து விடுதிக் காகிதத்தை எங்கள் அடுப்பிலேயே போட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். அவள் எங்கும் போகவில்லை, ஓய்ரிக். எங்களோடுதான் இருக்கப்போகிறாள்.

பெரிய செய்தி நேற்று நடந்தது. போதகர் வருஷா வருஷம் நடத்தும் வினாவிடை விசாரணை இந்த முறை நம் வீட்டில். ஊரில் பாதி நம் சமையலறையில் உட்கார்ந்திருந்தது, மூச்சுவிட இடமில்லை. பெரியவர்களைக் கேட்டு முடித்துவிட்டு மக்காஸ்கில் மார்சலியை எழுந்து நிற்கச் சொன்னார். நேருக்கு நேர் பார்த்துத்தான் கேட்டார். அவருக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியாது.

"காற்றையும் கடலையும் ஆளுகிறவர் யார்?"

"தேவன்."

"ஜனவரியில் அந்தப் புயலை ஏன் அனுப்பினார்?"

பிரசங்கத்தை எல்லாரும் கேட்டிருந்தோம், விடை எல்லாருக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்திருக்கலாம்.

"எனக்குத் தெரியாதுங்க ஐயா" என்றாள்.

"ஆலயத்தில் கேட்டாயே?"

"கேட்டேங்க ஐயா. ஆனா அது உங்களுக்கும் தெரியாதுங்களே. யோபு தனக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்னு எவ்வளவோ கேட்டும் கர்த்தர் காரணம் சொல்லலையே. நமக்கு மட்டும் எப்படிச் சொல்லியிருப்பாரு?"

முர்டோ தொண்டையைச் செருமினார். யோபுவை எப்போது படித்தாள் என்று பெகி என்னைப் பார்த்தாள், எனக்கும் தெரியவில்லை. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்து மகள் பக்கத்தில் போய் நின்றேன். வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை.

"என்னிடம் இப்படிச் சொல்ல உனக்குப் பயமாக இல்லையா?" என்றார்.

"இருக்குதுங்க ஐயா. கால் நடுங்குது. பயந்துக்கிட்டேதான் சொன்னேன்."

அந்த மனுஷன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். எழுந்தால் தலை உத்தரத்தில் இடிக்கும், குனிந்தே நின்றார். கூடியிருந்தவர்களைப் பார்த்து, "விடை சரி. ஜனவரியில் பீடத்திலிருந்து நான் சொன்னதுதான் தவறு. எனக்குத் தெரியாததைத் தெரிந்தது போல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அதை அங்கேயே நின்று சொல்வேன்" என்றார். பிறகு மார்சலிக்குக் கைகொடுத்தார், பெரியவர்களுக்குக் கொடுப்பது போல. அவளும் குலுக்கினாள். எனக்கு எழும்பிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. நாம் குதிக்கிற ஜனங்கள் இல்லையே, அதனால் பெகி எல்லாருக்கும் இன்னொரு சுற்று டீ ஊற்றினாள்.

ஜூலையில் எங்கள் சபையின் இராப்போஜன ஆராதனை நாட்கள் வருகின்றன. வீடு நிறைய விருந்தாளிகள் இருப்பார்கள். உங்கள் இரண்டு பேருக்கும் மாடி அறையை வைத்திருக்கிறேன். ரூரி ஆலயத்துக்குள் வர வேண்டியதில்லை, விருப்பமிருந்தால் வரலாம், என் பக்கத்தில் இடம் இருக்கும். யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடல் கடுமையாக இருந்தால் ரூரி மாமா பயப்படுவாரா என்று மார்சலி கேட்கிறாள். மீனவனுக்கு என்ன பயம் என்றேன். "இருந்தா சொல்லிடச் சொல்லுங்க, நான் துறைமுகத்துக்கு வந்து கையப் புடிச்சு எறக்கி விடுறேன்" என்கிறாள்.

உன் அண்ணன்
தோர்மோத்